ஒரு டாலர்: நோட்டா, காசா?

சென்ற கோடையில் அப்பா நியூஜெர்சிக்கு வந்திருந்தார். முப்பது வருடம் அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்தவர். காய்கறிக் கடையில் மீதியாக ஆறு ஒரு டாலர் நோட்டுகள் கொடுத்தார்கள். அப்பாவின் கை அவற்றைத் தானாகவே நீளவாட்டில் மடித்து விரல் இடுக்கில் செருகிக்கொண்டது. அப்புறம் ஒன்றை உருவி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நம்ம ஊர்ல ஒரு ரூபா நோட்டு புழக்கத்தை விட்டுப் போயி எவ்வளவோ வருஷம் ஆச்சு. பத்து ரூபாய்க்கே காசு வந்தாச்சு. இவ்வளவு பெரிய நாட்டுல ஒண்ணுக்கு இன்னும் காகிதமா?"

அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரையை அந்தப் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஒரு டாலர் காசு இல்லாமல் இல்லை. இருக்கிறது, செல்லவும் செல்லும். பல ஆண்டுகளாக இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அதைக் கையில் தொட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே தேர்வு இரண்டல்ல, மூன்று. நோட்டை மட்டும் வைத்துக்கொள்வது ஒன்று. நோட்டை நிறுத்திவிட்டுக் காசை மட்டும் விடுவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து விட்டு, மக்கள் விரும்பியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று இருப்பது மூன்றாவது. கேட்பதற்கு மூன்றாவதுதான் நியாயமாகத் தோன்றும். அமெரிக்கா நாற்பது வருடம் அந்த வழியில்தான் போனது. அதில் நடந்ததைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

நான்கு முறை முயன்றார்கள்

1971-இல் முன்னாள் குடியரசுத் தலைவர் ஐசனோவர் உருவம் போட்ட டாலர் காசு வந்தது. விட்டம் 38 மில்லிமீட்டர், எடை 22 கிராமுக்கு மேல். பத்துக் காசு வைத்திருந்தால் கால் கிலோவை நெருங்கும். சட்டைப்பையில் யாரும் போடவில்லை. சூதாட்ட விடுதிகளின் இயந்திரங்களில்தான் அது ஓடியது.

பெரிதாக இருந்ததுதானே குறை, சிறிதாக்குவோம் என்று 1979-இல் சூசன் பி. அந்தோணி டாலரை விட்டார்கள். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர் அவர். அமெரிக்காவின் புழக்கக் காசில் இடம்பெற்ற முதல் நிஜப் பெண்மணி. அந்தப் பெருமைக்குரியவரின் காசை இப்படி அவசரத்தில் செய்திருக்க வேண்டாம். அதன் விட்டம் 26.5 மில்லிமீட்டர். கால் டாலரின் விட்டம் 24.3. நிறம் இரண்டுக்கும் ஒரே வெள்ளி நிறம், விளிம்பில் ஒரே வரி வரியான வெட்டு. இருட்டிய கடையில், வரிசை நிற்கும்போது, ஒரு டாலருக்கும் கால் டாலருக்கும் கை தடுமாறியது. நான்கில் மூன்று பங்கு பணம் போய்விடுகிற தடுமாற்றம் அது. ஒரு தடவை ஏமாந்தவர் அடுத்த தடவை அந்தக் காசை வாங்கவே மாட்டார். முதல் ஆண்டிலேயே 75 கோடிக்கு மேல் அச்சிட்டார்கள். 1981-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். மிஞ்சியவை பெட்டகத்தில் உறங்கின. அஞ்சல் தலை இயந்திரங்களும் போக்குவரத்து இயந்திரங்களும்தான் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக மீதிச் சில்லறையாகக் கரைத்தன.

2000-இல் வந்த சக்காகவியா டாலர் உண்மையிலேயே நல்ல காசு. பொன்னிறம். விளிம்பு வழவழப்பு, அதனால் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் கால் டாலரிலிருந்து பிரித்துச் சொல்லலாம். அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் இருவரின் பயணத்தில் உடன் சென்ற ஷோஷோனி இனப் பெண், கைக்குழந்தையை முதுகில் கட்டியபடி திரும்பிப் பார்க்கும் உருவம். முந்தைய காசின் குறைகள் எல்லாவற்றையும் சரிசெய்திருந்தார்கள். விளம்பரத்துக்கும் குறைவில்லை, அந்த ஒரே ஆண்டில் 100 கோடிக்கு மேல் அச்சிட்டார்கள். வாங்கியவர்கள் அழகாக இருக்கிறதென்று வீட்டில் எடுத்து வைத்தார்கள். கடைக்குப் போகும்போது நோட்டைத்தான் எடுத்துச் சென்றார்கள். 2002-லிருந்து சேகரிப்பாளர்களுக்காக மட்டும் அச்சிடும் நிலை வந்தது.

நான்காவது முயற்சிதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 2005-இல் சட்டம் போட்டு, 2007-லிருந்து ஆண்டுக்கு நான்கு குடியரசுத் தலைவர்கள் என்ற கணக்கில் வரிசையாக டாலர் காசு விட்டார்கள். ஒவ்வொரு தலைவருக்கும் புது வடிவம். ஒவ்வொரு புது வடிவத்துக்கும் வங்கிகள் மூட்டை மூட்டையாக வாங்கும், சேகரிப்பவர்கள் எடுத்தது போக மிச்சம் நாட்டின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்கே திரும்பும். அடுத்த தலைவர் வருவார், மறுபடி அச்சு, மறுபடி மிச்சம். ஒரு டாலருக்கு ஒரு காசு, அஞ்சல் செலவு இல்லாமல் வீட்டுக்கே அனுப்பித் தருகிறோம் என்று அரசு ஒரு திட்டம் போட்டது. சிலர் கடன் அட்டையில் ஆயிரக்கணக்கில் காசு வாங்கி, விமானப் பயணப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு, காசைப் பெட்டியோடு வங்கியில் கட்டினார்கள். 2011-இல் கடன் அட்டைக்கு அந்த வழியை அடைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பெட்டகங்களில் சுமார் 140 கோடி டாலர் காசுகள் தேங்கியிருந்தன. புழக்கத்துக்கென்று அச்சிடுவதை நிறுத்துகிறோம் என்று அரசு அறிவித்தது.

நான்கு முறையும் காசு மாறியது. எடை மாறியது, நிறம் மாறியது, உருவம் மாறியது. மாறாத ஒன்று, நோட்டு கூடவே இருந்தது. பழகிய பொருள் கல்லாவில் கிடைக்கும்வரை புதியதை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். கடைக்காரர் கல்லாப்பெட்டியில் டாலர் காசுக்கென்று ஒரு குழி ஒதுக்க மாட்டார். கடைக்காரர் தராததால் வாங்குபவர் கைக்கு அது வராது. வாங்குபவர் கையில் இல்லாததால் கடைக்காரருக்குக் குழி தேவைப்படாது.

கனடா இதைப் புரிந்துகொண்டது. 1987-இல் பொன்னிற டாலர் காசை விட்டது. முதலில் முடிவு செய்திருந்த படகு வடிவத்தின் அச்சுகள் வின்னிபெக் போகும் வழியில் காணாமல் போக, அவசரமாக லூன் என்ற நீர்ப்பறவையின் வடிவத்தைப் போட்டார்கள். அதனாலேயே காசுக்கு 'லூனி' என்று பெயர் வந்துவிட்டது. 1989-இல் ஒரு டாலர் நோட்டு அச்சிடுவதை அடியோடு நிறுத்தினார்கள். அங்கேயும் மக்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் நோட்டு கிடைக்காமல் போனதும் கல்லாப்பெட்டியில் குழி தானாக வந்தது. 1996-இல் இரண்டு டாலருக்கும் காசு வந்துவிட்டது. பிரிட்டன் 1983-இல் பவுண்டு காசை விட்டு, 1988-இல் இங்கிலாந்து வங்கியின் ஒரு பவுண்டு நோட்டைத் திரும்பப் பெற்றது. ஆஸ்திரேலியா 1984-இல் டாலர் காசுக்கு மாறியது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்று சேர்த்தார். "பத்து ரூபா காசு வந்தப்ப நோட்டும் இருந்துச்சுல்ல, அதான் வாங்க மாட்டேன்னாங்க." உண்மைதான். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று வதந்தி கிளம்பி, டீக்கடையிலிருந்து பேருந்து வரை வாங்க மறுத்தார்கள். வெவ்வேறு வடிவங்களில் வந்ததால் எது அசல், எது போலி என்று சந்தேகம். 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட வேண்டியிருந்தது. சந்தேகப்பட்டவர்களுக்கு நோட்டு கையில் இருந்தது, அதனால் மறுக்க முடிந்தது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டுகள் தொண்ணூறுகளின் நடுவில் அச்சில் நின்றபோது மறுக்க வழியே இருக்கவில்லை. ஆக, மூன்றாவது தேர்வை இங்கேயே தள்ளிவிடலாம். செலவும் வைத்து, பயனும் இல்லாத வழி அது.

கணக்கு தலைகீழான கதை

மீதி இரண்டையும் ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் சொல்வது செலவு. காசு 30 வருடம் உழைக்கும், நோட்டு சீக்கிரம் நைந்துவிடும், அதனால் காசுதான் லாபம் என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பியிருந்தேன். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்காகக் கணக்குப் பார்க்கும் அரசுத் தணிக்கை அலுவலகமும் பல அறிக்கைகளில் அதையே சொல்லிவந்தது. நோட்டை நிறுத்தினால் 30 ஆண்டில் 550 கோடி டாலர் மிச்சம் என்றது 2011 அறிக்கை. அடுத்த ஆண்டு அதை 440 கோடி என்று திருத்தியது.

2019-இல் அதே அலுவலகம் மறுபடி கணக்குப் போட்டது. இந்த முறை வந்தது மிச்சம் அல்ல, நஷ்டம். நோட்டுக்குப் பதில் காசு விட்டால் 30 ஆண்டில் 61 கோடி டாலர் முதல் 260 கோடி டாலர் வரை அரசுக்கு இழப்பு என்று எழுதியது.

எட்டு வருடத்தில் என்ன மாறியது? நோட்டின் ஆயுள். 2011 கணக்கில் ஒரு டாலர் நோட்டு சராசரியாக 3.3 ஆண்டு வாழும் என்று எடுத்தார்கள். 2019-இல் அது 7.9 ஆண்டு. காகிதத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அது பெயருக்குத்தான் காகிதம், உண்மையில் முக்கால் பங்கு பருத்தி, கால் பங்கு லினன் சேர்ந்த துணி. மாறியது நோட்டை எண்ணிப் பிரிக்கும் இயந்திரம். வங்கிகளிலிருந்து திரும்பும் நோட்டுகளை ஃபெடரல் ரிசர்வ் இயந்திரத்தில் ஓட்டி, நைந்ததைத் தூளாக்கி, நல்லதைத் திரும்ப அனுப்பும். பழைய இயந்திரத்தால் முகம் மாறித் திரும்பியிருக்கும் நோட்டைச் சரியாகப் படிக்க முடியாது, நல்ல நோட்டும் தூளாகிவிடும். புதிய இயந்திரம் இரண்டு பக்கமும் படிக்கிறது. தேவையில்லாமல் செத்துக்கொண்டிருந்த நோட்டுகள் பிழைத்தன, அவ்வளவுதான். ஓர் இயந்திரத்தைச் சரிசெய்தது, நாற்பது வருட வாதத்தின் அடித்தளத்தையே எடுத்துவிட்டது. இந்த விஷயம் எனக்குப் பெரிய வியப்பு.

செலவுக் கணக்கில் இன்னொரு முடிச்சு உண்டு. தணிக்கை அலுவலகத்தின் கணக்கில் ஒரு நோட்டை எடுத்தால் அந்த இடத்தில் ஒன்றரைக் காசு விட வேண்டும். ஏனென்றால் நோட்டு கைமாறும், காசு தேங்கும். வீட்டில் கண்ணாடிக் குப்பியில், காரின் குழியில், சோபாவின் இடுக்கில் அது தங்கிவிடும். 2020-இல் கோவிட் காலத்தில் இதை நாடே அனுபவித்தது. காசு தீர்ந்துபோகவில்லை, வீடுகளில் நின்றுவிட்டது. கடைகள் 'சரியான சில்லறை தரவும்' என்று தாள் ஒட்டின. வங்கிகளுக்கு ஃபெடரல் ரிசர்வ் அளவு வைத்துக் காசு கொடுத்தது. பழைய அறிக்கைகளில் வந்த 'மிச்சத்தில்' பெரும்பகுதி இந்தத் தேக்கத்திலிருந்துதான் வந்தது. ஒரு டாலரைவிட மிகக் குறைந்த செலவில் செய்த காசை அரசு ஒரு டாலருக்கு வெளியே விடுகிறது. அது உங்கள் குப்பியில் உறங்கும்வரை அந்த வித்தியாசம் அரசுக்கு வட்டியில்லாக் கடன். அதாவது, அரசுக்கு மிச்சம் என்று எழுதியது மக்கள் குப்பியில் முடங்கிய பணம். இதை நான் சேமிப்பு என்று சொல்ல மாட்டேன்.

யாருக்கு எது சுமை

அரசுக் கணக்கை விட்டுவிட்டு, கையில் புழங்குபவர்களைப் பார்ப்போம். ஒரு டாலர் காசு 8.1 கிராம், நோட்டு ஒரு கிராம். உணவகத்தில் பரிமாறும் பெண் ஒருவர் இரவு முடிவில் 60 ஒற்றை டாலர் டிப்ஸ் சேர்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டாக இருந்தால் 60 கிராம், காசாக இருந்தால் ஏறக்குறைய அரைக் கிலோ. அமெரிக்காவில் ஒற்றை டாலருக்கு இன்றும் உயிர் கொடுப்பது டிப்ஸ்தான். விடுதி அறையைச் சுத்தம் செய்பவர், முடி வெட்டுபவர், பெட்டி தூக்குபவர், இவர்களின் கையில்தான் அது அதிகம் புரள்கிறது. அப்பா இந்த இடத்தில் தோள்பட்டையைத் தொட்டுக் காட்டினார். காசு நிறைந்த தோல்பையை முப்பது வருடம் தொங்கவிட்ட இடம் அது. "கனம்கிறது பை வச்சிருக்கிறவனுக்குத்தான் தெரியும்" என்றார்.

ஆனால் பேருந்து நிர்வாகத்தின் பக்கமிருந்து பார்த்தால் காசே மேல். உண்டியலில் கசக்கித் திணித்த ஒற்றை நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நீவி எண்ணுவது பெரிய வேலை. காசை இயந்திரத்தில் கொட்டினால் முடிந்தது. துணி துவைக்கும் நிலையங்களிலும் அப்படித்தான். நான் இங்கே வந்த புதிதில், அடுக்ககத்தின் நிலவறையில் துவைக்கும் இயந்திரத்துக்குக் கால் டாலர்களை மட்டுமே போட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைக்க ஒரு கைநிறையக் கால் டாலர் வேண்டும், அதற்காகவே வங்கிக்குப் போய் காகிதத்தில் சுற்றிய காசு உருளை வாங்கி வருவேன். அங்கே ஒரு டாலர் காசு இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். பானம் விற்கும் இயந்திரத்தில் நசுங்கிய நோட்டைத் திரும்பத் திரும்ப நீட்டி, அது திரும்பத் திரும்பத் துப்புவதை அனுபவித்தவர்களுக்கும் இது புரியும். ஆனால் இந்த இடங்கள் எல்லாம் இப்போது வேகமாக அட்டைக்கும் போனுக்கும் மாறிக்கொண்டிருக்கின்றன. காசுக்கு மிக வலுவான வாதம் இருந்த இடத்தில்தான் ரொக்கமே காலியாகிக்கொண்டிருக்கிறது. ஃபெடரல் ரிசர்வின் ஆய்வுப்படி 2016-இல் கொடுக்கல் வாங்கல்களில் 31 சதவீதம் ரொக்கமாக இருந்தது. 2024-இல் 14 சதவீதம்.

பார்வையற்றவர்கள் விஷயம் தனி. அமெரிக்க நோட்டுகள் ஒன்றிலிருந்து நூறு வரை எல்லாம் ஒரே அளவு. விரலால் தடவி எது ஒன்று, எது இருபது என்று சொல்லவே முடியாது. இது பாகுபாடு என்று பார்வையற்றோர் அமைப்பு தொடுத்த வழக்கில் 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு டாலர் காசாகிவிட்டால் குறைந்தபட்சம் அந்த ஒன்றாவது குழப்பமில்லாமல் தெரியும். காசுக்கு ஆதரவான வாதங்களில் என்னை அதிகம் அசைத்தது இதுதான். நோட்டுகளில் தொட்டால் தெரியும் குறி வைப்பதாக அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு டாலர் நோட்டின் வடிவத்தை மாற்ற நிதி செலவிடக் கூடாது என்று காங்கிரஸ் ஆண்டுதோறும் நிதிச் சட்டத்தில் எழுதி வருகிறது. 1963-இலிருந்து அதே முகத்தோடு அது நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போலியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒரு டாலர் நோட்டைப் போலியாக அச்சிட்டு யாரும் பிழைக்க முடியாது. காசிலும் அந்த ஆபத்து சின்னதுதான், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. பிரிட்டனின் வட்டப் பவுண்டுகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று போலியாகிப்போக, 2017-இல் பன்னிரண்டு பக்கக் காசுக்கு மாறினார்கள்.

இந்த விவாதம் இவ்வளவு நாள் இழுத்ததற்குப் பின்னால் ஊர்ப்பாசமும் உண்டு. நோட்டுக்கான தாள் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் டால்டன் ஊரில் கிரேன் நிறுவனத்தில் தயாராகிறது, 1879-லிருந்து. மாசச்சூசெட்ஸ் செனட்டர்கள் நோட்டைக் காத்தார்கள். காசில் பெரும்பங்கு செம்பு. செம்புச் சுரங்கங்கள் நிறைந்த அரிசோனாவின் ஜிம் கோல்பி, ஜான் மெக்கெய்ன் போன்ற காங்கிரஸ் உறுப்பினர்கள் காசுக்காக மசோதாக்கள் கொண்டுவந்தார்கள். தொகுதி மக்களின் வேலைக்காகப் பேசுவதில் தவறில்லை. ஆனால் ஒரு புள்ளிவிவரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்வது நமக்கு நல்லது.

சரி, எது வேண்டும்? 1979-இல் என்னைக் கேட்டிருந்தால் காசு என்றிருப்பேன், நோட்டை ஒரு தேதி குறித்து நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. அன்றைக்கு ஒரு டாலருக்கு மதிப்பு அதிகம், ரொக்கம்தான் எல்லாம், நோட்டின் ஆயுளும் குறைவு. இன்று நோட்டு என்றுதான் சொல்வேன். மாறினால் கிடைக்கும் என்று சொன்ன மிச்சம் இல்லாமல் போய்விட்டது. மாறுவதற்கான செலவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. கல்லாப்பெட்டி, எண்ணும் கருவி, கூடுதல் எடைக்கு வண்டிக் கூலி எல்லாம் சின்னக் கடைக்காரர் தலையிலும், கனம் டிப்ஸ் வாங்கும் கைகளிலும் விழும். ரொக்கத்தையே நம்பியிருப்பவர்களில் ஏழைகளும் வயதானவர்களும் அதிகம். இருபது வருடத்தில் இன்னும் சுருங்கப்போகிற ஒரு பழக்கத்துக்காக அவர்களை இன்று அலைக்கழிக்கத் தேவையில்லை. ஒரு சென்ட் காசை 2025 நவம்பரில் அச்சிடாமல் நிறுத்தியது சரியான முடிவு. அதைச் செய்ய 3.69 சென்ட் செலவானது. டாலர் நோட்டுக்கு அப்படி ஒரு நஷ்டம் இல்லை.

ஆனால் நோட்டை வைத்துக்கொள்வதென்றால் அதன் வடிவத்தைத் தொடக்கூடாது என்ற தடையை எடுக்க வேண்டும். மற்ற நோட்டுகளில் குறி வைத்து, ஒற்றை டாலரை மட்டும் மொட்டையாக விட்டால், குறி தேய்ந்த இருபதும் ஒன்றாகத்தான் விரலுக்குத் தெரியும். பார்வையற்ற ஒருவர் இன்னொருவரை நம்பித்தான் தன் பணத்தை எண்ண வேண்டும் என்ற நிலையை வைத்துக்கொண்டு நோட்டுக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை. பெட்டகத்தில் கிடக்கும் காசுகளை, கேட்கிற இடங்களுக்கு அனுப்பலாம். 2000-இல் டாலரையே தன் பணமாக்கிக்கொண்ட ஈக்வடாரில் சக்காகவியா காசு அன்றாடச் சந்தையில் சகஜமாகப் புழங்குகிறது.

அப்பா ஊருக்குக் கிளம்பும் முன் இங்கே ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மொய் 101 டாலர். நூறு டாலர் நோட்டை உறையில் வைத்துவிட்டு, ஒற்றை டாலர் நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். நம் ஊரில் மொய் உறையின் மேலேயே ஒரு ரூபாய்க் காசு ஒட்டியிருக்கும். அப்பா அதைச் சொன்னதும், எப்போதோ சுரங்க ரயில் நிலைய இயந்திரம் மீதியாகத் தந்த பொன்னிறக் காசு ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது நினைவுக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். வேட்டி நுனியில் துடைத்து, குழந்தையைச் சுமந்த பெண்ணின் முகம் வெளியே தெரிகிற மாதிரி உறையில் ஒட்டினார்.